தவளைப் பாடம், எருமைப் பாடம்

ஜூன் 28, ஞாயிறு

மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை ஏழு மணிக்கே வெயில் கன்னத்தில் அறைகிறது. பிரஷர் 150/90. நேற்று இரவு சோறு, சுறா வறை, அரைச் சட்டித் தயிர். (டொக்டர் கேட்டால் கால் சட்டி.)

பிரஷரை எழுதத்தான் இந்தக் கொப்பி. “என்ன சாப்பிட்டீங்க, என்ன யோசிச்சீங்க, அதையும் எழுதுங்க” என்று டொக்டர் சொன்னது பிழையாகிவிட்டது. யோசனைக்கு ஒரு வரி போதும் என்று நினைத்தேன். பாதிக் கொப்பி முடிந்துவிட்டது. சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு மட்டும் பாஸ் எடுத்தவன். அதைத்தான் இப்போது செலவழிக்கிறேன் போல.

செய்ய வேண்டியவை: வேனின் பின்சில்லில் காற்று இறங்குகிறது. மூன்றாவது சீற் கிழிசல். மனைவி ரஹிலாவின் கண்ணாடி. என் பள்ளிக்கூட வேனில் வருகிற இரண்டு பிள்ளைகள் வீடு மாறியிருக்கிறார்கள், எந்த ஒழுங்கை என்று கேட்க வேண்டும்.

மகன் அஸ்மி கத்தாரிலிருந்து போனில் குரல் அனுப்பியிருந்தான். நாலு நிமிஷம். அதில் மூன்றேமுக்கால் நிமிஷம் கார். மீதியில் “உம்மா எப்படி”. ஸ்போர்ட்ஸ் கார்களை வாடகைக்கு விடுகிற இடத்தில் வேலை. போன புதிதில் கழுவினான், இப்போது கார்களை வாடிக்கையாளர் வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அவன் ஜேர்மன், நான் அமெரிக்கா. ஜேர்மன் காருக்கு உருண்டைக் கண், குந்தியிருக்கிற உடம்பு. எஞ்சின் பின்னால், குண்டிக்குள். அதனால் பெயர் தவளை. அமெரிக்கக் காருக்கு நீண்ட மூக்கு. அதற்குள் எட்டு சிலிண்டர், நின்ற இடத்திலேயே மூச்சு விடும். அதற்குப் பெயர் எருமை. அவன் எட்டாம் வகுப்பில் வைத்த பெயர்கள். ரஹிலா எந்தக் கட்சியும் இல்லை.

“ரெண்டுலயும் ஒரு மூட்ட அரிசி வைக்க எடமில்ல. என்னத்துக்குக் காரு?”

இன்றைய வழக்கு: அதே சக்திக்குத் தவளையின் விலையில் எருமை இரண்டு வாங்கலாம் என்றேன். அதற்கு அவன், “ரெண்டு எரும வாங்கி என்ன செய்ற வாப்பா, தயிரா போடுற?” தவளை சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு ஒன்பதாயிரம் சுற்று சுற்றுமாம். பிரேக் பிடித்தால் கண் பிதுங்குமாம். வளைவில் கயிறு கட்டி இழுத்த மாதிரிப் போகுமாம். எருமைக்கு நேர் ரோட்டில் மட்டும்தான் வீரமாம்.

நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். யோசித்து வைக்க.


ஜூன் 29, திங்கள்

145/90. காற்று அடித்த அடியில் கடற்கரை மணல் வேனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, காசு கொடுக்காத பயணி.

கல்முனை போகும் வழியில் பின்சீற்றிலிருந்து ஒரு சின்னவள்: “வேன் மாமா, ஐஸ்கிறீம் சைக்கிள் நம்மள முந்துது!” எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். முப்பதுக்கு மேல் நான் போவதில்லை. பிள்ளைகள் இருக்கிற வண்டி.

பின்னேரம் அஸ்மியின் குரல். எழுதி வைக்கிறேன், பெரிய விஷயம்.

“வாப்பா, வெள்ளிக்கிழம ஒரு வேல இரிக்கி. மொதலாளி வீடியோ எடுக்கப் போறார். தவளையும் எருமையும் ஒண்டா ஓடணும், எது நல்லம் எண்டு காட்டுறத்துக்கு. டவுனுக்கு வெளிய புது ரோட்டு, இன்னும் தெறக்கல்ல. எருமைய எனக்குத் தந்திரிக்கார். ஏன் தெரியுமா? ஒங்கட கதைய சொன்னன். ‘அப்ப ஒனக்கு ரத்தத்துல இரிக்கி’ எண்டார்.”

வழுக்காமல் காப்பாற்றுகிற சுவிச்சு ஒன்று அந்தக் காரில் இருக்கிறதாம். அதை அணைத்துவிட்டுத்தான் ஓட வேண்டுமாம், அப்போதுதான் சில்லிலிருந்து புகை வரும், பார்க்கிற ஆட்களுக்கு அதுதான் வேண்டும். அங்கேயும் இப்போது காற்றுக் காலம், ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கிறதாம்.

“மணலுக்குப் பயமில்ல வாப்பா. ஒங்கட பாடம் இரிக்கே. காலை எடுக்காத, இன்னும் மிதி, நேராகும்.”

பின்னால் இன்னொரு குரல்: “மாமா, எனக்கும் ஒரு பாடம் சொல்லுங்க!” அது நௌபல். அஸ்மியோடு ஒரே அறை. மருதமுனைப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. நான் இன்னும் முகத்தைப் பார்த்ததில்லை. சிரிப்பு மட்டும் தெரியும், கோழி கொக்கரிக்கிற மாதிரி.

என் பாடத்தின் கதை ஊருக்கே தெரியும். சவூதியில் ஒன்பது வருஷம் வீட்டு டிரைவர். கபீல், அதாவது வீட்டு முதலாளி, அவருடைய மூத்த மகனிடம் ஒரு எருமை. ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல், காரைத் தம்மாமிலிருந்து நான் கொண்டு வருகிறேன். வேகம் இருநூற்றிருபது. ரோட்டில் மணல். பின்பக்கம் விலகுகிறது. வேறு ஆளென்றால் காலை எடுத்திருப்பான். நான் இன்னும் மிதித்தேன். கார் அம்பு மாதிரி நேராகிவிட்டது. இந்த “அம்பு”வில் கையை நீட்டிக் காட்டுவேன். தேத்தண்ணிக் கடையில் இன்றைக்கும் சில பேர் அண்ணன் முறை வைத்து என்னை அம்புக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கடையில் போய் மகனின் வீடியோ விஷயத்தைச் சொன்னேன். எல்லாருக்கும் தேத்தண்ணி என் கணக்கில். என்னுடையதை மட்டும் பாதியில் வைத்துவிட்டேன். ஏனோ இறங்கவில்லை.


ஜூன் 30, செவ்வாய்

155/95.

பின்சில்லுக்கு ஒட்டுப் போட ராசிக்கின் கராஜுக்குப் போனேன். கல்முனையில் எஞ்சினைக் கழற்றிப் பூட்ட அவனை விட்டால் ஆள் இல்லை. பெருமைக்கு மகன் கதையைச் சொன்னேன். பாடத்தையும் சொன்னேன். கையை நீட்டவில்லை, வயசாகிவிட்டது.

ராசிக் தலையை நிமிர்த்தாமலே கேட்டான். “எந்தக் காருக்கு காக்கா இந்தப் பாடம்?”

“அமெரிக்கன். முன்னுக்கு எஞ்சின்.”

“அப்ப ஆள் முடிஞ்சுது.”

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

“காக்கா, இது பின்னுக்கு எஞ்சின் இரிக்கிற காருக்கு சொல்ற கத. அதுல பாரம் எல்லாம் பின்சில்லு மேல. வளைவுல திடீரெண்டு காலை எடுத்தா பாரம் முன்னுக்குப் போகும், பின்பக்கம் சுத்தி வந்துரும். அதாலதான் அதுல காலை எடுக்காத எண்டுற. ஒங்கட எருமைல பாரம் முன்னுக்கு. பின்சில்லு லேசு. சில்லு சுத்துறதாலதான் வழுக்குது. இன்னும் சுத்த உட்டா? வயலுக்க உழவு மெஷின் பொதஞ்சா மிதிக்க மிதிக்கக் குழிதானே காக்கா. சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

“மறுகா எருமைக்கு என்ன செய்யணும்?”

“மெல்லமா காலை எடுக்கணும். ஸ்டேரிங்க வழுக்குற பக்கம் குடுக்கணும். வேற என்ன?” பிறகு என்னைப் பார்த்தான். “நீங்க எப்படித் தப்பின? இருநூத்திருவதுல?”

“அல்லாஹ் காப்பாத்தினான்” என்றேன்.

கொப்பிக்கு மட்டும், உள்ளதை எழுதுகிறேன். நான் அந்த எருமையை ஓட்டவில்லை. கழுவினேன். ஒன்பது வருஷம் கிழமைக்கு இரண்டு தரம் கழுவி, துடைத்து, சீலை போட்டு மூடினேன். ஒரே ஒரு நாள், கழுவுகிற இடத்திலிருந்து நிழலுக்கு எடுத்துவிடச் சொன்னார்கள். இருபது மீற்றர். அதிலும் கேற்றில் முட்டப் பார்த்தேன். நான் ஓட்டியது பெரிய குடும்ப வண்டி; பிள்ளைகளைப் பள்ளிக்கூடம், மேடத்தைச் சந்தை. இப்போது செய்கிற அதே வேலை, குளிரூட்டியோடு.

பாடம் எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டுக்கு வருகிற ஒரு பாகிஸ்தான் மெக்கானிக், அவர்களுடைய ஜேர்மன் காரைக் காட்டி ஒரு நாள் சொன்னது. எனக்கு உருது அரைவாசிதான் விளங்கும். விளங்கிய அரைவாசி: காலை எடுக்காதே. “இன்னும் மிதி” நான் போட்ட மசாலா. லீவில் வந்தபோது அஸ்மிக்குப் பத்து வயது. மடியில் உட்கார்ந்து, “வாப்பா, நீங்க அந்தக் கார ஓட்டினயா?” என்று கேட்டான். கழுவினேன் என்று எந்த வாப்பா சொல்வான்?

தவளைக்குச் சொன்னதை எருமையின் காதில் ஓதிவிட்டேன். பதினாலு வருஷமாக ஓதிக்கொண்டிருக்கிறேன்.

அஸர் தொழுதுவிட்டு வேனுக்குள் கண்ணாடியை மூடிக்கொண்டு அவனுக்குக் குரல் அனுப்பப் பார்த்தேன். நாலு தரம் அனுப்பினேன், நாலு தரம் அழித்தேன். முதல் தரத்தில் இருமல். இரண்டாவதில் சவூதி வெயிலைப் பற்றி ஒரு நிமிஷம். மூன்றாவது நினைவில்லை. நாலாவதில் “மகன், நான் ஒரு பொய்” வரை வந்தேன்.

பிறகு அவன் எழுதியிருந்தான்: “என்ன வாப்பா, அழிச்சி அழிச்சி வெளயாடுறீங்க?”

சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று அனுப்பினேன். ஐம்பத்து நாலு வயது எனக்கு.


ஜூலை 1, புதன்

160/95. ரஹிலா, “தயிர நிப்பாட்டுங்க” என்றாள். தயிரில் இல்லை விஷயம்.

ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல், யாரோ இறந்திருக்கிறார்கள். யாரென்று பெயர் வருமுன் காற்று சத்தத்தைக் கொண்டுபோய்விட்டது. ரோட்டில் எல்லாரும் நின்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். “யாராம்?” “ஆருட வாப்பாவாம்?” கடைசியில் மாளிகைக்காட்டில் தொண்ணூறு வயது மனிதர் ஒருவர். எல்லாரும் மூச்சு விட்டோம். தொண்ணூறு என்றால் மூச்சு விடலாம்.

பகல் அவனைப் பிடித்தேன். சாப்பாட்டு நேரம். நேரே சொல்ல வாய் வரவில்லை. சுற்றி வந்தேன்.

“மகன், யோசிச்சுப் பாத்தன். தவளதான் நல்ல கார் போல.”

“என்ன வாப்பா, ஒடம்புக்குச் சுகமில்லயா?”

“இல்லடா. பிரேக் நல்லம். ரோட்டோட ஒட்டிப் போகும். பாரம் பின்னுக்கு இரிக்கிறதால எடுத்த எடுப்புல சில்லு சுத்தாது. பிஞ்சு போகாத சாமான். நீ தவளயக் கேட்டு எடன்.”

“பதினாலு வருசமா எருமைக் கட்சி. இப்ப கட்சி மாறுறீங்க. எலக்சனும் இல்லயே!”

பக்கத்தில் கோழிச் சிரிப்பு. நௌபல். “மாமாக்கு அமைச்சுப் பதவி ஏதும் குடுக்காங்களோ?”

“மகன், பகிடி இல்ல. எரும கொஞ்சம் முரடு.”

“முரட்டை அடக்கின ஆள்ட மகன் வாப்பா நான்.”

அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை வெட்டுகிற கத்தி என் கையில்தான் இருந்தது. மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இந்த வெள்ளிக்கிழமை ஓட்டம் ரஹிலாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மகன் ஏசிக் கடையில் கார் கொடுக்கிறான். அவன் படம் போனில் வந்தால் ஆயத்துல் குர்ஸி ஓதி போன் கண்ணாடியில் ஊதுவாள். கண்ணாடி முழுக்க எச்சில். இன்றைக்கும் ஊதினாள். துடைக்காமல் வைத்திருக்கிறேன்.


ஜூலை 2, வியாழன்

பிரஷர் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

காலைச் சவாரியில் ஒரு பிழை. காரைதீவுச் சந்தியில் முன்னால் ஓட்டோ நிற்க, நான் பிரேக்குக்குப் பதிலாக அடுத்ததை மிதித்துவிட்டேன். ஒரு சாண் இடம் மிச்சம். பிள்ளைகள் கத்தவில்லை, அமைதியாகிவிட்டார்கள். கத்தியிருந்தால் நல்லது.

ஓட்டோக்காரன் தலையை நீட்டி: “என்ன மொதலாளி, பள்ளிக்கூட வேனா ஏவுகணையா?”

பொழுது பட்டு, மஃரிப் தொழுத பிறகு முடிவெடுத்தேன். நாளைக்கு ஓட்டம். இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ரஹிலா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். வெளியே போனால், “எங்க போற?” குரல் அனுப்பினால் கேட்டுவிடுவாள். எழுதத்தான் வழி.

முழுதும் எழுதினேன். கழுவியது, மூடியது, இருபது மீற்றர், பாகிஸ்தான்காரன். எழுதி முடிய இருபத்தைந்து நிமிஷம். என் விரல் ஒவ்வொன்றும் இரண்டு எழுத்தை ஒன்றாக அமத்தும். பிறகு அதை வாசித்தேன். வாசித்தால் ஒரு கோமாளி தெரிந்தான். எல்லாவற்றையும் அழித்தேன். அவனுக்கு உயிர் தப்பத் தேவையான சொல் எது? இரண்டே சொல். மானமும் மிஞ்சும், மகனும் மிஞ்சுவான் என்று ஒரு புத்தி. அனுப்பினேன்:

“எருமை எண்டா காலை எடு. மறக்காதே.”

கெட்டித்தனமாகச் செய்துவிட்டேன் என்று ஒரு பிளேன்டி குடித்தேன்.

பத்து நிமிஷத்தில் பதில்: “ஓம் வாப்பா. காலைல எடுக்கிறன். வேல கூட, இப்ப கதைக்க ஏலா.”

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் சொன்னது கால். அவன் வாசித்தது காலை. எருமைதான் கிடைத்தால் காலையில் போன் எடு என்று வாப்பா சொல்கிறார், அவ்வளவுதான் அவனுக்கு. தமிழில் மட்டும் பாஸ் எடுத்தவன் நான். அதிலும் போய்விட்டது.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். ரஹிலா, “என்ன?” என்றாள். “ஒண்டுமில்ல.”

அவனுக்குத் திரும்பப் போன் எடுத்தேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. கார்களை லொறியில் ஏற்றுகிற வேலையாக இருக்கும். பரவாயில்லை. காலையில் எடுப்பான். அப்போது வாயால் சொல்வேன். அவன் ஓட முன்னம் நேரம் இருக்கிறது. அங்கே நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பிந்தி.

எழுதி வைக்கிறேன், நழுவாமல் இருக்க: 1. நான் ஓட்டவில்லை. 2. அந்தப் பாடம் தவளைக்கு. 3. எருமை வழுக்கினால் மெல்லக் காலைத் தூக்கு. 4. உம்மாவிடம் சொல்லாதே.


ஜூலை 3, வெள்ளி. காலை 7.50

இப்போதுதான் வைத்தான்.

“வாப்பா, எடுக்கச் சொன்னீங்களே.”

“ஓம் மகன். எரும…”

“எரும எனக்கு இல்ல வாப்பா. கடைசில மாத்திட்டாங்க. நான் தவளய நெடுகலும் ஓட்டுறவன், அதால எனக்குத் தவள. எரும நௌபலுக்கு. நீங்க எடுக்கச் சொன்னதால எடுத்தன்.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

“என்ன வாப்பா, இவ்வளவு சத்தமா?”

“ஒண்டுமில்ல. நல்லம், நல்லம். தவள நல்ல சாமான்.”

“அப்ப என்னத்துக்கு எடுக்கச் சொன்ன?”

“சும்மா. ஒன்ட குரலக் கேக்கத்தான்.”

நாலு குறிப்பும் முன்னால் கொப்பியில் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. தேவை என்ன? தவளைக்கு அந்தப் பாடம் சரியான பாடம். என் மகன் சரியான காரில் சரியான பாடத்தோடு இருக்கிறான். அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ராசிக் சொல்லாவிட்டால் இவ்வளவு பயமும் வந்திருக்காது.

வைக்க முன்னம் சொன்னான், நௌபல் கொஞ்சம் பயந்தானாம், நம்முடைய பாடத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தானாம், இப்போது பயமில்லையாம். “நல்லம் மகன்” என்றேன். அம்புக் காக்காவின் பேர் மருதமுனை வரை போய்விட்டது!

சந்தை: மாட்டிறைச்சி 1 கிலோ (நெஞ்செலும்போடு), தேங்காய் 3, கொத்தமல்லி, ரம்பை, அஸ்மியின் உம்மாவுக்குப் பிடித்த வாழைப்பழம். இன்றைக்குத் தயிரும்.


அதே நாள், 9.40

சந்தையிலிருந்து வந்து, வாங்கியதெல்லாம் சரியா என்று பார்க்கக் கொப்பியைத் திறந்தேன். மேலே எழுதியதை வாசித்தேன்.

நௌபலுக்குச் சொல்லிக் கொடுத்தானாம்.

எருமை நௌபலுக்கு.

இரண்டும் என் கையெழுத்தில், பத்து வரி இடைவெளியில். நான்தான் எழுதினேன். எழுதும்போது சிரித்துக்கொண்டிருந்தேன்.

அஸ்மிக்குப் போன் எடுத்தேன். அணைத்து வைத்திருக்கிறான். எடுத்தேன். எடுத்தேன். பதினொரு தரம். ஓடும்போது போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று திங்கட்கிழமை சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. எழுதினேன்: “நௌபலை ஓட விடாதே. பாடம் பிழை. வாப்பா பொய் சொன்னேன்.” இந்தத் தரம் ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. ஒரு சரி அடையாளம்தான் விழுந்திருக்கிறது. போய்ச் சேரவில்லை.

நௌபலின் நம்பர் என்னிடம் இல்லை. அவன் சிரிப்பு மட்டும்தான் இருக்கிறது.

அங்கே இப்போது ஏழு மணி. வெயில் ஏறுமுன் ஓடிவிடுவார்கள்.

ரஹிலா குசினியிலிருந்து: “இறைச்சி நல்ல இறைச்சி. எங்க எடுத்த?”

ஏழே முக்காலுக்கு அவன் வாய் என் காதில் இருந்தது. “நௌபலிடம் சொல்லு, ஓடிப் போய்ச் சொல்லு” என்று ஒரு மூச்சு. என் பிள்ளை தப்பிவிட்டான் என்றதும் என் காது அடைத்துக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேனே. எதற்குச் சொன்னேன்?


அதே நாள், இரவு

ஜும்ஆவுக்குப் போனேன். குத்பாவில் என்ன சொன்னார்கள் தெரியாது. செருப்பு மாறி வந்துவிட்டேன், இரண்டும் இடது கால்.

பகல் 2.15க்கு, வாசலில் நிற்கும்போது அஸ்மி எடுத்தான். மூச்சு வாங்குகிறது. காற்றில் பேசுகிற மாதிரி.

“வாப்பா, நௌபல்…”

“இரிக்கானா?”

“மூச்சு இரிக்கி. கண் தெறக்கல்ல. ஆசுபத்திரில உள்ளுக்குக் கொண்டு போய்ட்டாங்க. கார் சுத்திப் போய் ஓரக் கட்டுல அடிச்சி பெரண்டுட்டு. நான் பின்னால தவளல வந்தன் வாப்பா, எல்லாத்தயும் பாத்தன். மணல்ல பின்பக்கம் வெலகினது. அவன் மிதிச்சான். சத்தம் கேட்டுது எனக்கு. சொன்ன மாதிரியே மிதிச்சான் வாப்பா.”

வாசல் நிலையில் சாய்ந்துகொண்டேன்.

“கார்லதான் ஏதோ பிழ. இல்லாட்டி நேராகியிருக்குமே.”

அப்போதும் அவன் என் செய்தியைப் பார்த்திருக்கவில்லை. போன் கைக்கு வந்ததும் எனக்குத்தான் முதலில் எடுத்திருக்கிறான். “மகன், நான் அனுப்பினதப் பாரு” என்றேன். “பாத்திட்டு மறுகா எடு.”

ஒரு நிமிஷத்தில் அடையாளம் நீலமானது.

எடுக்கவில்லை. மூன்று மணி. நாலு மணி. அஸர். எடுக்கவில்லை.

ரஹிலாவிடம் விபத்தை மட்டும் சொன்னேன். அவள் அழுதுகொண்டு சொன்னாள், “நம்மட புள்ளயா இருந்திருந்தா? அல்லாஹ் காப்பாத்தினான். நாளைக்கு மொத வேலயா மருதமுனைக்குப் போகணும். அந்த உம்மாட காலடில போய் உக்காரணும்.”

இறைச்சி அடுப்பில் அடிப்பிடித்துவிட்டது. ஒருவரும் சாப்பிடவில்லை.


ஜூலை 4, சனி

பள்ளிக்கூடம் இல்லை. காற்று நின்றுவிட்டது. ஒரு இலையும் ஆடவில்லை.

அஸ்மி இன்னும் எடுக்கவில்லை. விடிய ஒரு வரி எழுதியிருந்தான்: “அவன்ட வாப்பாவோட கதைச்சன். கண் தெறக்கல்ல இன்னும். நீங்க சொன்னத நான் அவருக்குச் சொல்லல்ல.” வாப்பா என்று என்னைக் கூப்பிடவில்லை. தேடிப் பார்த்தேன். அந்தச் சொல் ஒரு தரம்தான் இருக்கிறது, அதுவும் நௌபலின் வாப்பாவுக்கு.

வேனில் போனோம், ரஹிலாவும் நானும். பின்னால் பதினெட்டு வெறும் சீற். மருதமுனைக்குள் ஒரு ஒழுங்கை, மில்லுக்குப் பின்னால். வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள். ஜனாஸா வீட்டில் போடுகிற மாதிரிப் போட்டிருந்தார்கள், ஆனால் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. “பரவாயில்லயாம்.” “அங்க நல்ல டொக்டர்மார்.” “வெள்ளிக்கிழம நடந்தது, நல்ல நாள்தானே.” ஒரு பொடியன் போனில் அந்த வீடியோவைத் தேடிக்கொண்டிருந்தான், ஒரு பெரியவர் பறித்து வைத்தார்.

நௌபலின் வாப்பா நெல்லு மில்லில் வேலை செய்கிறவர். அறுபது இருக்கும். உமி புருவத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. நேற்று வேலையில் இருக்கும்போது செய்தி வந்திருக்கிறது, அதற்குப் பிறகு முகம் கழுவவில்லை. அஸ்மியின் வாப்பா என்றதும் எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தனக்குப் பக்கத்தில் இருத்தினார்.

“ஒங்கட மகன் ஆசுபத்திரிய உட்டுப் போகல்லயாம். நேத்துல இருந்து அவன்தான் நிக்கானாம். நல்ல வளர்ப்பு.”

நான் தரையைப் பார்த்தேன்.

“தம்பி, நீங்கதானே சவூதில அந்தக் கார ஓட்டின ஆள்? நௌபல் இந்தக் கெழம எடுத்தபோது சொன்னான். மாமா ஒருத்தர் இரிக்காராம், மணல்ல வழுக்கினா மிதிக்கணும், மிதிச்சா நேராகும் எண்டு அவர்தான் சொன்னதாம். ஒங்கட மகனும் சொல்றான், சொன்ன மாதிரியே மிதிச்சானாம். எனக்குக் காரப் பத்தி ஒண்டும் தெரியா. கோவத்துல கேக்கல்ல, விளங்காமத்தான் கேக்கன்.” என் கையை ஒரு தரம் அசைத்தார். “மிதிச்சும் ஏன் தம்பி நேராகல்ல?”

ரஹிலா உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள்.

நல்ல பதில்கள் நாக்கில் வந்து நின்றன. அணைத்து வைத்த சுவிச்சு. புது ரோட்டு. விதி. விதி என்று சொன்னால் அங்கே ஒருவரும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

“காக்கா, நான் அந்தக் கார ஓட்டினதே இல்ல. கழுவினன். அவ்வளவுதான். அந்தப் பாடம் வேற காருக்கு. நான் பெருமைக்குச் சொன்ன பொய்.”

கதிரை ஒன்று நகர்ந்த சத்தம். யாரோ “என்னது?” என்றார்கள். ரஹிலாவை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவர் கை என் கைமேல் இருந்தது. இறுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வாசல் வெயிலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப அவன் என்ன செய்திரிக்கணும், தம்பி?”

சொன்னேன். மெல்லக் காலைத் தூக்க வேண்டும், ஸ்டேரிங்கை எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், எல்லாம். கையால் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, விளங்காத இடத்தில் திரும்பக் கேட்டு, கவனமாகக் கேட்டுக்கொண்டார், நாளைக்கு மகனுக்குப் போன் எடுத்துச் சொல்லப் போகிறவர் மாதிரி.